கேந்திப்பூ மறைத்த வரி

2012 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை, காலை 7.42. என் வலைப்பூவில் இரண்டு வருடங்களுக்கு முன்பு போட்ட ஒரு பதிவின் கீழே வந்த பின்னூட்டம். அன்றே அச்செடுத்து நோட்டில் ஒட்டிவைத்தேன். உள்ளது உள்ளபடி:

“இந்த படம் வரஞ்சது எங்க அப்பா இல்ல. எங்க அப்பாவுக்கு படம் வரைய தெரியாது. அவங்க கடலுக்கு போயி திரும்பி வராதவங்க. அவங்க நினைவா நாங்க குடுத்த படம் அது. தெரியாம எழுதாதீங்க.”

எழுதியவர் குவைத்தில் வேலை பார்க்கும் ஒருவர். அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு அதை நான்கு தடவை படித்தேன். ஐந்து வாக்கியங்கள். ஒன்றைக்கூட மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

நான் அப்போது ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். இரணியலில் வாடகை வீடு. சொந்த ஊர் தோவாளைப் பக்கம், வயலும் கோயிலுமாக இருக்கும் ஊர். வலைப்பூ தொடங்கியது 2008 ஜனவரியில். குளத்து மடையில் வெட்டிய எழுத்து, கோயில் மணியில் வார்த்த பெயர், பழைய கல்யாணக் கடிதம், மண்டைக்காட்டுக் கொடை விழாவுக்கு ஒட்டிய சுவரொட்டி, மீன்பிடி வள்ளங்களின் முகப்பில் தீட்டிய மீனும் சிலுவையும் என்று எதைக் கண்டாலும் படம் எடுத்துப் போடுவேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூன்று வரி உண்டு: செய்தவர், படம் எடுத்தவர், தேதி. தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதுவேனே தவிர, காலியாக விட்டதில்லை.

அதோடு நின்றிருந்தால் போதும். மற்றவர்களையும் நிற்க விடமாட்டேன். யாராவது ஓர் ஓவியத்தைப் பெயரில்லாமல் பகிர்ந்தால் போய்க் கேட்பேன், “இதை வரைந்தவர் பெயர் எங்கே?” முகநூலில் ஒருவர், நீங்கள் என்ன போலீஸா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். இன்னொருவர் என்னைத் தன் பக்கத்திலிருந்தே விலக்கிவிட்டார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் மனைவி பக்கத்து இலைக்காரியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. “இவுக எந்திச்சு போயி சாம்பார் வச்சது ஆருன்னு கேட்டு எழுதிட்டுத்தான் கை கழுவுவாக.”

தவறு நடந்த நாள் 2010 மே 9, ஞாயிறு. கடியப்பட்டணத்தில் வள்ள முகப்புகளைப் படம் எடுக்கப் போயிருந்தேன். கரையை ஒட்டி ஒரு குருசடி இருந்தது. குருசடி என்பது சிலுவை நட்ட சின்னக் கோயில், நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். உள்ளே ஆளுயரத்துக்கு மரப்பலகையில் ஓர் ஓவியம். கொந்தளிக்கிற கடல், அதில் ஒரு வள்ளம், தண்டு வலிக்கிற நான்கு பேர், அவர்களுக்கு மேலே மாதா. மாதாவின் முகத்தைவிட அந்த நான்கு முகங்கள்தான் என்னை நிறுத்தின. ஒருவருக்கு மூக்கு வளைந்திருந்தது. ஒருவருக்குப் பல் எத்தியிருந்தது. அச்சுப் படத்தைப் பார்த்து வரைந்தால் இப்படி வராது. யாரையோ எதிரில் உட்கார வைத்து வரைந்திருக்கிறார்கள்.

அது மாதா வணக்க மாதம். ஓவியத்தின் அடிப்பகுதி முழுக்கக் கேந்திப்பூ மாலை. மாலைக்கு மேலே பொன்னிற எழுத்தில் ஓர் ஆணின் பெயரும் 2007 என்ற வருடமும் தெரிந்தன.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் குழல்விளக்கு முதல் வெண்கல மணி வரைக்கும் கொடுத்தவர் பெயர் இருக்கும். ஆனால் பெயருக்கு முன்னால் ‘உபயம்’ என்று இருக்கும். அது இல்லாமல் ஒரு பெயரை நான் பார்த்ததே இல்லை. இந்தப் பலகையில் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. ஆகவே கொடுத்தவர் இல்லை, வரைந்தவர்தான் என்று முடிவு செய்தேன். கடற்கரையில் வழக்கம் வேறு. இறந்தவர் பெயரை முதலில் எழுதி, ‘அவர்களின் நினைவாக, குடும்பத்தார்’ என்று அடுத்த வரியில் எழுதுவார்கள். அந்த அடுத்த வரி பூவுக்குப் பின்னால் இருந்தது. மாலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்திருக்கலாம். பூசைப்பொருளைத் தொடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். யாரிடமும் கேட்கவும் இல்லை.

போட்ட பதிவில் ஒரு வாக்கியத்தை வேறு எழுதினேன். என் எழுத்துகளில் அதிகம் பகிரப்பட்டது அதுதான் என்பதால் சொல்லித்தான் ஆக வேண்டும். “கல்வெட்டுகளில் கொடுத்தவன் பெயர் உண்டு, சாட்சிகளின் பெயரும் உண்டு, கல்லைச் செதுக்கியவன் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும், கடியப்பட்டணத்துக்காரர்கள் ஓவியன் பெயரைப் பொன்னால் எழுதியிருக்கிறார்கள்.” அதற்குக் கீழே, ஓவியர்: இன்னார், 2007.

ஆகஸ்ட் 15 விடுமுறை. அன்று பழைய குறுந்தகட்டை எடுத்து அந்த நாளின் படங்களைத் திறந்தேன். அந்த ஓவியத்தை எடுத்தவை ஏழு. நான்காவதில் காற்றுக்கு மாலை கொஞ்சம் விலகியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு பூக்களுக்கு நடுவில் ‘நினை’ என்ற இரண்டு எழுத்துகள். இரண்டு வருடங்களாக என் அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

பதிவைத் திருத்தினேன். குவைத்துக்காரருக்கு மன்னிப்பு எழுதி, வரைந்தது யார் என்று கேட்டேன். தேடியபோது என் பதிவை எடுத்தாண்ட பத்தொன்பது இடங்கள் கிடைத்தன. எல்லோருக்கும் எழுதினேன். சிலர் திருத்தினார்கள், பலர் பதிலே போடவில்லை. அவற்றில் மோசமானது வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் ஒரு பக்கம். அங்கே என் வாக்கியத்தையும் அந்தப் பெயரையும் படத்தின் மேலேயே எழுத்தாகப் பதித்திருந்தார்கள். அதை நூற்றுக்கணக்கானவர்கள் இறக்கி வைத்திருந்தார்கள். இனி எந்தத் திருத்தமும் அந்த எழுத்தைத் தொடாது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் என் விருப்பத்துக்கு மாறாக எதுவும் செய்யவில்லை. ஓவியரின் பெயரைப் படத்தோடு சேர்த்தே பகிருங்கள் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் நான்தான்.

என் பதிவில் இப்போது ‘ஓவியர்: தெரியவில்லை’ என்று இருந்தது. ஒழுங்காகத் திருத்திவிட்டதாகவே நினைத்தேன்.

ஆகஸ்ட் 17, வெள்ளி, மாலை ஐந்தரைக்கு ஒரு பெண் வீடு தேடி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நக ஓரங்களில் நீலச் சாயம். கடியப்பட்டணத்திலிருந்து வருவதாகச் சொன்னார். வள்ளங்களுக்குப் பெயரும் எண்ணும் எழுதுவது அவர் தொழில். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“தெரியலன்னு போட்டிருக்கிய. நான் உயிரோடதான் இருக்கேன் சார்.”

அடுத்த அரை மணி நேரத்தில் அவர் சொன்னது இது. கடற்கரையில் அடுத்த ஊர் ஒன்றில் புதிதாகக் கோயில் கட்டுகிறார்கள். பீடத்துக்குப் பின்னால் உள்ள பெரிய சுவர் வெறுமையாக இருக்கிறது. அதில் மாதா படம் வரைய இவர் கேட்டிருக்கிறார். இதற்கு முன் என்ன வரைந்தாய் என்று கமிட்டியில் கேட்டார்கள். குருசடிப் படத்தைச் சொன்னார். அவர்கள் ஒரு வண்ணத் தாளை எடுத்து மேசையில் போட்டார்கள். வளைகுடாவிலிருந்து வந்த அதே படம், மேலே பொன்னெழுத்தில் ஓர் ஆணின் பெயர். அந்தப் பெயருக்குரியவரை அவர்கள் முன்பே விசாரித்திருக்கிறார்கள். அவர் இறந்துவிட்டார் என்று தெரிந்திருக்கிறது. செத்தவர் படத்தைத் தன் படம் என்று சொல்ல வந்தவள் என்று இவரைப் பார்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கமிட்டி கூடும். அன்றைக்குள் நிரூபிக்காவிட்டால் நாகர்கோவிலில் டைல்ஸ் ஓடுகளில் அச்சடித்த மாதா படம் வாங்கி ஒட்டிவிடுவார்கள்.

இடுப்பு உயரத்துக்குப் பலகை எழுதுகிறவருக்கு இருபதடிச் சுவர் ஒரு தடவைதான் கிடைக்கும் என்றார். “அது போச்சுன்னா நான் சாவுறவரைக்கும் வள்ளத்துக்கு நம்பர்தான் எழுதணும்.”

என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். இப்போதே, தன் கண் முன்னால், பதிவில் தன் பெயரை எழுத வேண்டும்.

நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. “எழுதலாம். ஆனால் எனக்கு ஓர் ஆதாரம் வேண்டும்.”

அவர் என்னையே பார்த்தார். “அந்த மனுசனுக்க பேரப் போடும்போ என்ன ஆதாரம் கேட்டிய?”

காப்பி கொண்டுவந்த என் மனைவி அதைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்றாள். அதனால்தான் இப்போது அதிகக் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அந்த வாக்கியம் என் வாயிலேயே நன்றாக இல்லை.

வரையும்போது எடுத்த புகைப்படம் உண்டா என்று கேட்டேன். அன்றைக்குத் தன் கையில் என்ன கேமராவா இருந்தது என்றார். ஏன் கையெழுத்துப் போடவில்லை? மாதாவின் காலடியில் ஒரு பெண் தன் பெயரை எழுதினால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். படத்தைச் செய்யச் சொன்னது யார்? குவைத்துக்காரரின் அம்மா, போன வருடம் இறந்துவிட்டார். அப்போதிருந்த பங்குச் சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். ஒவ்வொரு பதிலையும் நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் வள்ளத்தில் இருக்கும் நான்கு பேர் யார் யார் என்று கேட்டேன். தயங்காமல் சொன்னார். முதல் ஆள் அந்த இறந்தவர்தான், ரேஷன் அட்டைப் படத்தைப் பார்த்து வரைந்தது. இரண்டாவது ஆள் இப்போது கொச்சியில் விசைப்படகில். மூன்றாவது ஆள் மஸ்கட்டில். நாலாவது ஆள், வளைந்த மூக்கு உள்ளவர், கரையில் வலை பின்னிக்கொண்டு இருப்பார். “நாளைக்கு வந்து கேளுங்க. நான் கூட நிக்க மாட்டேன், நின்னா நான் சொல்லிக் குடுத்தேன்னு எழுதுவிய.”

பெயரைப் பற்றி அப்போது அவர் சொன்ன ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றி என்றாவது எழுதுவேன் என்றேன். “படத்துக்கு அடியில எனக்க பேரு இருந்தாப் போதும். ஒங்க கதைக்குள்ள வேண்டாம்.” அதனால்தான் இதில் அவர் பெயர் இல்லை, மற்ற யாருடையதும் இல்லை.

அன்றிரவே குவைத்திலிருந்து பதில் வந்தது. படம் செய்த வருடத்தில் தான் ஊரில் இல்லை, எல்லாம் அம்மா பார்த்தது, வரைந்தவர் யார் என்று தனக்குத் தெரியாது, யாரோ ஒரு பெண் என்று அம்மா சொன்னதாக ஞாபகம். ‘யாரோ ஒரு பெண்’ என்பதை அடிக்கோடிட்டேன்.

சனிக்கிழமை காலை பள்ளியில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, பிறகு அரை நாள் விடுப்பாக்கிக்கொண்டு, திங்கள்சந்தை பஸ் நிலையம் போய்க் கடியப்பட்டணத்துக்கு வண்டி பிடித்தேன். நாலாவது ஆளைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தென்னையடியில் வலையைக் கால் விரலில் மாட்டிப் பின்னிக்கொண்டிருந்தார். மூக்கே வழி சொன்னது. அச்செடுத்துக்கொண்டு போன படத்தைக் காட்டினேன்.

“இது நாந்தான் சாரே. பின்ன ஆருக்கு இந்த மூக்கு? ரெண்டு சாயங்காலம் கவுத்திப்போட்ட வள்ளத்துல இருத்தி வச்சா. கழுத்த அசச்சா ஏச்சு. ‘மாமா, மீனு நெளிஞ்சா வெட்டிரலாம், ஒம்மள என்ன செய்யட்டும்’பா.” பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அதிலிருந்து ஊரில் தன்னை மாதா வள்ளத்துக்காரன் என்றுதான் கூப்பிடுவதாகவும், சீட்டு விளையாடக்கூட நிம்மதியாக உட்கார முடியவில்லை என்றும் சொன்னார்.

எனக்குத் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கியது. அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். நான் எழுந்துவிட்டேன். அவர் பின்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“ஆனா கடலு அவ போட்டதில்ல கேட்டியளா.”

மறுபடி உட்கார்ந்தேன்.

“கூட ஒருத்தி வருவா. திரையெல்லாம் அவதான் போட்டா. இவ முகத்துல கெடப்பா, அவ கீழ இருந்து திரை போடுவா. பேரு ஓர்ம இல்ல. கெட்டிக்குடுத்து எங்கயோ போயிட்டா.”

திரை என்றால் அங்கே அலை. அந்தப் படத்தில் பாதி அலைதான். பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டேன். ஒருவர் ஆமாம் போலத்தான் என்றார். ஒருவர் அப்படி யாரும் இல்லை என்றார். இன்னொருவர், அது தண்ணீர்ப் பானை கொண்டுவந்து கொடுத்த பிள்ளையாக இருக்கும் என்றார். பேர் யாருக்கும் தெரியவில்லை. கையெழுத்து வாங்கிய தாளில் இதைச் சேர்த்து எழுதவா என்று நாலாவது ஆளைக் கேட்டேன். யோசித்தார். “வேண்டாம். நான் பாத்தது எனக்க முகத்தத்தான்.”

சாயங்காலம் அந்தப் பெண் விட்டுப்போயிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். முதலில் நல்ல செய்தியைச் சொன்னேன். பிறகு இதைக் கேட்டேன்.

“கடலும் நாந்தான்.”

“அவர் அப்படிச் சொல்லவில்லையே.”

“அவரு அந்தப் பக்கமா திரும்பி இருந்தாரு. எப்படிக் காணும்?” பிறகு குரலைத் தாழ்த்தி, “நாளைக்கு இத அங்க சொல்லப்போறியளா?”

அவர்கள் கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன் என்றேன். போனை வைத்துவிட்டார்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சாப்பாடு முடிந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகும்போதுதான் சொன்னாள். “தெரியாதத தெரியும்னு எழுதி அவளுக்க பொழப்பக் கெடுத்தது ஒருக்க. இப்ப தெரியாதத தெரியலன்னு சொல்லிக் கெடுக்கப் போறிய.”

பதிவைத் திறந்தேன். ஓவியர் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதினேன். கடலைப் பற்றி எழுத விரல் போனது, எழுதவில்லை. முகங்களுக்குச் சாட்சி உண்டு, அதனால் பெயர் போடலாம். கடலைப் பற்றி ஒருவர் ஒன்று சொல்கிறார், மற்றவர் மறுக்கிறார். நாளை மட்டும் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு நிதானமாக விசாரிக்கலாம் என்று எனக்கு நானே ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு. பூசை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தேன். கட்டி முடியாத கோயிலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை; அதில்தான் கமிட்டி. ஐந்து பேர். தலைவர் வயதானவர், இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். அந்தப் பெண் கதவோரம் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார், வணக்கம் சொல்லவில்லை. மேசையில் அந்த வண்ணத் தாள் இருந்தது. அதன் பக்கத்தில் ஓட்டுக்கடையின் மாதிரிப் புத்தகமும்.

முதலில் அந்தத் தாளில் உள்ள வாக்கியம் என்னுடையது, பெயர் தவறு, தவறு முழுக்க என்னுடையது என்று சொன்னேன். ஏழு படங்களையும் வரிசையாக வைத்தேன். ‘நினை’ தெரியும் படத்தைக் காட்டினேன். குவைத்துக் கடிதம், நாலாவது ஆளின் கையெழுத்துத் தாள். தலைவர் கண்ணாடியை இறக்கி ஒவ்வொன்றாகப் படித்தார்.

“சாரே, நீரு வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்.” பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, “செத்தவன் வந்து வரஞ்சானோன்னு நெனச்சோம் மோளே, தப்பா எடுக்காண்டாம்.”

நாலாவது ஆளின் மூக்கை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூன்று பேர் சிரித்தார்கள். கொட்டகைக்குள் காற்று கொஞ்சம் இளகியது. நான் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

அப்போது தலைவருக்குப் பக்கத்தில் இருந்தவர், மாதிரிப் புத்தகத்தின் மேல் கையை வைத்தபடி, என்னைக் கேட்டார். “படம் முச்சூடும் இந்தப் பிள்ளதானா?”

அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்க்கவில்லை. பையின் வாரைத்தான் பார்த்தேன். ‘ஆமாம்’ என்ற ஒரு சொல் போதும். அதைப் பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இரண்டு வருடங்களுக்கு முன் குருசடிப் பதிவில் அதே போன்ற ஒரு ‘ஆமாம்’தான் எழுதியிருந்தேன்.

“முகங்களுக்குச் சாட்சி இருக்கிறது. கடலைப் பற்றி ஒருவர் வேறு மாதிரிச் சொன்னார். இவர் தான்தான் என்கிறார். நான் விசாரித்து முடிக்கவில்லை.”

வெளியே மணல் சலிக்கும் சத்தம் கேட்டது. கேள்வி கேட்டவர் மாதிரிப் புத்தகத்தை விரித்து, ஓடு என்றால் இந்தக் கோளாறெல்லாம் இல்லை என்றார். மற்றவர், முகம் இவள் கையில் வருகிறதே, கடலில் என்ன இருக்கிறது என்றார். பேச்சு நீண்டது. கடைசியில் தலைவர் சொன்னதை அப்படியே குறித்திருக்கிறேன். “மாதாவ இவ வரையட்டும். கடலு ஓட்டுல ஒட்டிக்கிடுவோம். கதவத் தொறந்தா கடலு கெடக்கு, அதுக்குப் போயி சண்ட என்னத்துக்கு.”

எல்லோருக்கும் அது நியாயமாகத் தெரிந்தது. சுவரில் மேல்பாதி அவருக்கு, கீழ்பாதி ஓட்டுக்கு. அந்தப் பெண் சம்மதம் என்று தலையசைத்தார். வேறென்ன செய்ய முடியும்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். கடியப்பட்டணம் பஸ் வந்தபோதுதான் திரும்பினார்.

“நீங்க இப்ப பேசினது எனக்கா, ஒங்களுக்கா?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை, ஏறிவிட்டார்.

அந்தக் கேள்வியை அன்றைய தேதியின் கீழே எழுதிவைத்தேன். பதிலுக்கு விட்ட இடம் நோட்டில் அப்படியே இருக்கிறது. இரண்டு பதிலும் அவ்வப்போது சரியாகத் தோன்றும்.

2013 பிப்ரவரியில் கோயிலை அர்ச்சித்துத் திறந்த பிறகு போய்ப் பார்த்தேன். மாதாவின் முகம் பெரிது, கண்கள் சற்றே கலங்கியவை, கைகள் மீன் கூடை தூக்குகிற பெண்ணின் கைகள். இடுப்புக்குக் கீழே பளபளப்பான நீல ஓடுகளில் ஒரு கடல். எந்த ஊர்க் கடலோ, அலைகள் சோப்பு நுரை மாதிரி இருந்தன. சாயமும் ஓடும் சேரும் கோட்டுக்குச் சரியாக மேலே, வலது மூலையில், அவர் பெயரும் வருடமும் இருந்தன. பெரிய எழுத்து, பூ வைத்தாலும் மறையாத உயரம். அதைப் படம் எடுத்து, பெயரோடு பதிவிட்டேன். ஓட்டுக்கடையில் அந்தக் கடல்படம் யாருடையது என்று கேட்டேன். நெட்டில் இருந்து எடுத்தது என்றார்கள். அதன் கீழே ‘தெரியவில்லை’ என்று எழுதினேன்.

குருசடிப் பதிவில் கடலைப் பற்றி ஒரு வரி சேர்த்தது மார்ச் மாதம். ஓவியர் போன் செய்து அதை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. இன்னொருத்தி உண்மையில் இருந்திருந்தால், அவளும் ஒரு நாள் வந்து என் வாசலில் நிற்கலாம் இல்லையா என்று கேட்டேன். அப்படி ஒருத்தி வந்தால் அனுப்பிவையுங்கள், நானும் பார்க்கிறேன் என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. மண்டைக்காட்டில் ஒருமுறை எதிரில் வந்தார். என் மனைவியிடம் மட்டும் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

கட்டிக்கொடுத்துப் போன அந்தப் பெண்ணைத் தேடி இரண்டு வருடங்கள் விசாரித்தேன். ஒருவர் கேரளத்தில் விழிஞ்ஞம் என்றார், ஒருவர் சவுதியில் தம்மாம் என்றார். விழிஞ்ஞத்துக்கு நேரில் போனேன், அங்கே யாருக்கும் தெரியவில்லை. தம்மாமுக்கு ஒருவர் மூலம் எழுதிக் கொடுத்தனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லை. அது போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியாது. நாலாவது ஆளைக் கடைசியாக 2015இல் பார்த்தபோது, கூட ஒருத்தி வந்தது உண்மை, அவள் தூரிகையைத் தொட்டதைத் தான் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்ய முடியாது என்றார்.

பதிவில் அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: “முகங்கள் இவர் வரைந்தவை. கடலை வேறொரு பெண் வரைந்ததாக ஒருவர் சொன்னார், ஓவியர் மறுக்கிறார். அப்படி ஒரு பெண் வரைந்தாரா என்பது சரிபார்க்கப்படவில்லை.”